உண்ணாமலையின் ஜமுக்காளக் கோட்டு

பரிசலில் ஏறி உட்கார்ந்ததும் உண்ணாமலையில் பாதி ஆள் கரையிலேயே தங்கிவிடுவாள். ரேஷன் கடை, புளிக்கரைசல், விடுதியில் படிக்கிற மகள் இனியாவுக்கு அனுப்ப வேண்டிய முறுக்கு என்று எதையாவது நினைத்துக்கொண்டே இருக்கிற பாதி அது. மீதிப் பாதிதான் துடுப்புப் போடும். அதற்கு நினைப்பே கிடையாது. தண்ணீர் போகச் சொன்ன பக்கம் போகும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும்.

குமாரபாளையத்திலிருந்து ஆற்றோரமாகவே வடக்கே போனால், கதவணை கட்டியதால் காவிரி ஓட்டத்தை விட்டுவிட்டு ஏரி மாதிரி அகலமாகத் தேங்கிக் கிடக்கிற ஓர் இடம் வரும். அங்கேதான் அவளுடைய துறை. மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் அக்கரையைக் காணமுடியாது. பனி இறங்கித் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். அதற்குள் எங்கிருந்தோ விசைத்தறிச் சத்தம் மட்டும் டடக், டடக் என்று தண்ணீர்மேல் வந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் வலது காதில் கேட்டால் முகம் வடக்கே, இடது காதில் கேட்டால் முகம் தெற்கே. உண்ணாமலைக்கு வேறு திசைகாட்டி தேவைப்பட்டதில்லை.

அந்தத் தண்ணீர் மேட்டூர் அணையின் அடிமதகு வழியாக, வெயில் முகத்தையே பார்க்காமல் வருவதால்தான் இப்படிக் குளிர்கிறது என்று துறையில் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் ஒரு குளிரா என்பார்கள். சிரிக்கட்டும். தை மாதம் காலை ஆறு மணிக்கு இந்தத் துறையில் கழுத்தளவு தண்ணீரில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து, அதற்கப்புறமும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கட்டும்.

உண்ணாமலையின் புருஷன் தீர்த்தகிரிக்குப் பெயரில் மட்டும்தான் தீர்த்தம். கெங்கவல்லிப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவர். தறி வேலைக்கென்று குமாரபாளையம் வந்த புதிதில் ஒருநாள் அக்கரைக்குப் போகவேண்டியிருந்தது. பரிசல் போட்டது உண்ணாமலை. அப்போது அவளுக்கு இருபது வயது. இந்த ஆள் பரிசலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நடு ஆற்றில் அவள் சிரித்துவிட்டாள்.

"கண்ணத் தொறங்க, ஆறு ஒண்ணும் கடிக்காதுங்க."

"அக்கர வந்துச்சுன்னா சொல்லுங்க, தொறக்கறேன்" என்றார் அவர்.

அடுத்த வாரம் எந்த வேலையும் இல்லாமல் மறுபடியும் வந்தார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது தடவை வந்தபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆறு மாதத்தில் கல்யாணம். அது நடந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் பரிசலில் ஏறவே இல்லை. ஆற்றில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததும் இல்லை. அவர் தறிக்குப் போனார், அவள் அப்பன் விட்டுப்போன வலைகளோடு ஆற்றுக்குப் போனாள். சாயங்காலம் வலை விட்டு, விடியற்காலையில் எடுப்பாள். சேலையைக் கொசுவத்தோடு இழுத்துச் செருகி, மேலே புருஷனுடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வாள். துறையில் பெண்கள் எல்லோரும் ஆற்றுக்கு உடுத்துவது அப்படித்தான்.

போன வருஷம் மார்கழியில் குளிர் வழக்கத்தைவிட அதிகம். ஒருநாள் உண்ணாமலை வலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. தீர்த்தகிரி அதைப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஒரு ஜமுக்காளம் வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட, கெட்டி நூல் ஜமுக்காளம்.

துணி விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. எந்தத் துணியையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, குறுக்கே ஓடுகிற ஊடை இன்ன நம்பர் நூல், நெடுக்கே ஓடுகிற பாவு இன்ன நம்பர் நூல் என்று சொல்லிவிடுவார். பாலியெஸ்டர் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அது துணியாங்க? பிளாஸ்டிக்கு. ஒடம்புக்குப் பருத்திதானுங்க" என்பார். ஆகவே குளிருக்கும் பருத்திதான். ஜமுக்காளத்தை வெட்டி, உள்ளே கனமான குளியல் துண்டு இரண்டு மடிப்பு வைத்து, வீட்டுத் தையல் மெஷினில் இரண்டு ஊசியை உடைத்து, பத்து நாளில் ஒரு கோட்டு தைத்து முடித்தார். முழங்கால் வரைக்கும் வந்தது. தூக்கினால் கைக்குழந்தை கனம் இருந்தது.

பட்டன் வைக்கவில்லை. பட்டன் தெறித்துவிடும். முன்பக்கம் ஆறு ஜோடி நாடா வைத்திருந்தார். தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சு ஒன்று இருக்கிறது. இழுக்க இழுக்க இறுகும், நனைந்தால் இன்னும் இறுகும். அந்த முடிச்சைத்தான் நாடாவுக்கும் போட்டார். அதை உண்ணாமலைக்குப் போட வராது. அதனால் தினமும் காலையில் அவள் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி அவரே போட்டுவிட்டார். கீழேயிருந்து ஆரம்பித்து, ஒன்று, இரண்டு என்று ஆறாவது முடிச்சு கழுத்துக்குக் கீழே வரும். அவள் தாடையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். நாற்பத்து நாலு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி நிற்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. துறையில் டீக்கடை வைத்திருக்கிற ஆத்தாயி, "மகாராணி வாராங்கோ, வழி உடுங்க" என்று கேலி செய்தாள். கேலிக்குப் பின்னால் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

கோட்டு போட்டுக்கொண்டு பனிக்குள் போவது உண்ணாமலைக்கு வேறு மாதிரி இருந்தது. அதுவரை அவள் ஆற்றில் தனி ஆள். இப்போது அவரும் கூட வருகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாவது வருகிறார்.

பதினாறாவது நாள் பரிசல் கவிழ்ந்தது.

வலை அடியில் ஏதோ முள்மரத்தில் சிக்கிக்கொண்டது. எட்டி இழுத்தாள். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த காரியம்தான். ஆனால் எட்டுகிற அளவு உடம்புக்குப் பழகியிருந்ததே தவிர, கோட்டின் கனம் அந்தக் கணக்கில் இல்லை. பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை.

கோடையில் அவள் ஆற்றில் விழுந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே ஏறி வந்திருக்கிறாள். இது வேறு. தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் மூச்சு தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. நிறுத்த முடியவில்லை. இழுத்து, இழுத்து, வெளியே விடவே தெரியவில்லை. கூப்பிடலாம் என்றால் கூப்பிடக் காற்று இல்லை. நீந்தலாம் என்று கை தூக்கினால் கை வரவில்லை. மூச்சு திரும்பட்டும், அதுவரை ஒன்றும் செய்யாதே என்று அவளுக்குச் சொன்னது நினைப்பில்லாத அந்தப் பாதிதான். கவிழ்ந்த பரிசலின் விளிம்பில் நான்கு விரலைக் கொடுத்து, மூக்கை மேலே வைத்துக்கொண்டு இருந்தாள். மூச்சு மெல்லத் திரும்பியது.

அதற்குள் கோட்டு குடிக்க ஆரம்பித்திருந்தது. உள்துண்டு இரண்டு மடிப்பும் குடித்தது, ஜமுக்காளம் குடித்தது. தோளில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்ட மாதிரி கீழே இழுத்தது. காலில் சேலை சுற்றிக்கொண்டது. அவள் ஒரு கையால் முடிச்சைத் தேடினாள். விரல் மரத்துப்போயிருந்தது. முடிச்சு கல் மாதிரி இருந்தது. அவர் எவ்வளவு நன்றாகப் போட்டிருக்கிறார் என்று அந்த நிலையிலும் தோன்றியது.

வலை அறுக்கிற கத்தி இடுப்புக் கயிற்றில் இருந்தது. கழுத்து முடிச்சை முதலில் அறுத்தாள். பிறகு அடுத்தது, அடுத்தது. ஆறும் அறுந்ததும் கோட்டு முதுகிலிருந்து நழுவியது. அவள் கீழே பார்த்தாள். சிவப்பும் பச்சையுமாக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வேறொரு பெண் நிதானமாக அடிக்கு இறங்கிப் போவதுபோல இருந்தது. தலையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் போனாள் அந்தப் பெண். உண்ணாமலைக்கு அப்போது பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பத்து நாள் தைத்தாரே என்று அழுதாள்.

அப்புறம் வெள்ளைதான். எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. பரிசலை விட்டுவிட்டு நீந்தினால் போய்ச் சேரமாட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. காதில் தண்ணீர் அடைத்து, தறிச்சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிற மாதிரி இருந்தது. டடக், டடக். அதில் ஒன்று அவருடைய தறி. எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் குளிர் போய், உடம்பு கதகதப்பாகிறமாதிரி, தூங்கலாம் போல, தறிக்குப் பக்கத்தில் பஞ்சு மூட்டைமேல் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. அந்தச் சுகத்துக்குத்தான் அவள் இப்போதும் பயப்படுகிறாள்.

அக்கரைக்கு விசைப்படகு ஓட்டுகிற மணிமாறன் முதல் நடைக்கு வந்தவன், தண்ணீரில் கருப்பாக ஏதோ மிதக்கிறதே என்று மோட்டாரை நிறுத்திப் பார்த்தான். விரலை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்ததாம். கரையில் ஆத்தாயி கடைக்குள் கொண்டுபோய், ஈரத்துணி அத்தனையும் உருவி எறிந்துவிட்டு, கிடைத்த சாக்கு, போர்வை, தன் சேலை எல்லாவற்றையும் சுற்றி, வெதுவெதுப்பாகச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் புகட்டினாள். கேலி பேசுகிற வாய் அன்று முழுக்க, "எஞ்சாமி, எஞ்சாமி" என்றது.

அன்று மத்தியானம் வீட்டில் கண் விழித்தபோது தீர்த்தகிரி பக்கத்தில் இருந்தார்.

"கோட்டு..." என்றாள் அவள்.

"போச்சா?"

"ஆத்தோட போயிருச்சுங்க."

"போனாப் போவுது" என்றார். அவளுடைய ஈரச்சேலையைப் பிழிந்து காயப்போட வெளியே போனார். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். முகம் என்னவோபோல் இருந்தது. பயந்துவிட்டார் பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் அடுத்த ஜமுக்காளம் வந்துவிட்டது.

இந்தத் தடவை நீலமும் மஞ்சளும். முன்னதைவிடக் கெட்டி. உண்ணாமலை கட்டிலில் படுத்துக்கொண்டு மெஷின் ஓடுவதைக் கேட்டாள். அந்தக் கோட்டு என்னைக் கொல்லப் பார்த்தது என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? நாலோ ஐந்தோ. தினமும் அந்த ஐந்து வார்த்தையையும் நாக்கு நுனிவரை கொண்டுவந்தாள். அப்போது பார்த்து அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து அவள் கழுத்தை அளப்பார். "இங்க குத்துதா புள்ள? இங்க?" என்று கேட்பார். கழுத்துப் பட்டைக்கு மட்டும் உள்ளே அவளுடைய பழைய கத்தரிப்பூ நிறச் சேலையைக் கிழித்து மெத்தென்று வைத்திருந்தார். எதற்கு இந்தக் கழுத்தைப் போட்டு இவ்வளவு பாடுபடுத்துகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. "குத்துலீங்க" என்று மட்டும் சொன்னாள். நடு ஆற்றில் கத்தி எடுக்கத் தெரிந்த பெண்ணுக்கு வீட்டுக்குள் வாய் திறக்கத் தெரியவில்லை. என்னத்தைச் சொல்வது.

தைப்பூசத்துக்குள் கோட்டு முடிந்துவிடும் என்றார் அவர். முடிந்ததும் மறுபடி வாசலில் நிறுத்தி ஆறு முடிச்சு போடுவார். வலை காத்திருக்கிறது, ஆறு காத்திருக்கிறது. அவள் போகாமல் இருக்கப்போவதில்லை. அதைப் போட்டுக்கொண்டு போனால் ஒருநாள் திரும்பி வரமாட்டாள். போடமாட்டேன் என்றால் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள் உண்ணாமலை.

சரி, எதைப் போட்டுக்கொண்டு போவது என்றாவது முதலில் தெரியட்டும் என்று ஒருநாள் எழுந்தாள். அவர் தறிக்குப் போன பிறகு, உச்சி வெயிலில், வீட்டிலிருந்த துணியெல்லாம் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். பாறையோரம் மணல் தரையில் இடுப்பளவுதான் தண்ணீர். அதில் ஒவ்வொன்றாக உடுத்திக்கொண்டு படுத்தாள். சேலையும் சட்டையும் போட்டுப் பார்த்தாள். கால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. லுங்கி இன்னும் மோசம். குளியல் துண்டு ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு படுத்தாள். எழுந்தபோது அது ஒரு குடம் தண்ணீரைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. கரையில் உட்கார்ந்தால் காற்று பட்டு எலும்புவரை குளிர்ந்தது. பருத்தி எவ்வளவு அன்பாக எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறது என்று பார்த்தபோது அவளுக்குப் புருஷன்தான் ஞாபகம் வந்தார்.

இனியா பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் போட்ட டிராக் பேண்ட் அலமாரியில் கிடந்தது. போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ஆயுதபூஜைக்கு இலவசமாகக் கொடுத்த முழுக்கை டி-சர்ட் ஒன்று இருந்தது. இரண்டும் தீர்த்தகிரி முகம் சுளிக்கிற பிளாஸ்டிக். உடம்போடு ஒட்டியிருந்தன, தண்ணீரைக் குடிக்கவில்லை, கரை ஏறியதும் சொட்டச் சொட்ட வடிந்து காய்ந்தன. அதற்குமேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்குமேல் காற்றுத் தடுக்க லாரிக்காரர்கள் போடுகிற மழைச்சட்டை என்று ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தாள். மணிமாறனின் படகில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் இருந்தன. பயணிகள் அவற்றைக் குண்டிக்கு அடியில் போட்டு உட்காருவார்கள்.

"ஒண்ணு குடு மணி, பாத்துட்டுத் தாரேன்."

"வெச்சுக்கோங்கக்கா. உங்களுக்கில்லாததா? ஆனா இந்த வெயில்ல இத்தனையையும் மாட்டிக்கிட்டு என்னக்கா பண்றீங்க? பாத்தாலே எனக்கு வேர்க்குது."

"வெயிலுக்கு உடுத்தறது கரையில இருக்கறவங்க மணி. நான் தண்ணிக்கு உடுத்தறேன்."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்குமேல் சிரிக்கவில்லை. அவள் விரலைப் பிரித்தெடுத்தவன் அவன்.

மிதவைச் சட்டையோடு மல்லாந்து படுத்தால் ஆறு அவளைத் தாங்கிக்கொண்டது. காதுக்குள் தண்ணீர் போய்ச் சத்தமெல்லாம் தூரமாகிவிடும். மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டே இருக்கும். கரையில் இருக்கிற பாதி, ஆற்றில் இருக்கிற பாதி என்று இல்லாமல் அவள் முழுசாக அங்கே கிடந்தாள். எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் துறைக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. தீர்த்தகிரி கடைசி நாடாவைத் தைத்து முடித்து, கோட்டை உதறிப் பார்த்து, "ஏ புள்ள" என்று கூப்பிட்டார். வீட்டில் ஆள் இல்லை. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு வந்தார். ஆத்தாயி ஓடி வந்தாள்.

"ஏனுங், உங்கூட்டுக்காரிய வந்து பாருங்க. அன்னிக்கு ஆத்துல கெடந்ததுல இருந்து அவளுக்கு என்னமோ ஆயிப்போச்சு. ஒரு வாரமா துணிமணியோட தண்ணிக்குள்ளாறயே கெடக்கறா."

அவர் பாறையோரம் போய்ப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில், கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் மிதந்துகொண்டிருந்தாள் அவருடைய பெண்டாட்டி.

"உண்ணாமல!"

அந்தக் குரலுக்கு அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து நின்றாள். அவர் தோளில் நீலமும் மஞ்சளுமாகக் கோட்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

"வெளிய வா. கோட்டு முடிஞ்சிருச்சு. போட்டுப் பாரு" என்றார்.

ஐந்து வார்த்தையும் மறுபடி நாக்கு நுனிக்கு வந்தன. மறுபடியும் வெளியே வரவில்லை. வேறு வார்த்தை வந்தது.

"அத நீங்க போட்டுக்கிட்டு இங்க வாங்க."

"நானா?"

"ஆமாங்க. ஆறு முடிச்சும் போட்டுக்கிட்டு வாங்க. இடுப்பளவுதானுங்க தண்ணி. நான் புடிச்சுக்கறேன்."

அவர் என்ன நினைத்தாரோ. பைத்தியம் பிடித்தவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்று நினைத்திருக்கலாம். கோட்டை மாட்டினார். கீழேயிருந்து ஒன்று, இரண்டு என்று ஆறு முடிச்சும் போட்டார். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. இருபத்து நான்கு வருஷமாக நனையாத இடமெல்லாம் நனைந்தது. நடுங்கிக்கொண்டே அவள் நீட்டிய கையைப் பிடித்தார். கண் மூடியிருந்தது.

"கண்ணத் தொறங்க. இப்ப முட்டி போட்டு உக்காருங்க. கழுத்து வரைக்கும்."

உட்கார்ந்தார். குளிர் ஏறியதும் 'ஹக்' என்று மூச்சை இழுத்தார். விட முடியவில்லை. அவள் முதுகில் கை வைத்து, "மெதுவா, மெதுவா, ஒண்ணும் பண்ணாதீங்க, மூச்சு வந்துரும்" என்றாள். வந்தது. கோட்டு குடித்துக்கொண்டிருந்தது. நீலம் கறுத்தது, மஞ்சள் மண் நிறமானது.

"இப்பக் கைய மேல தூக்குங்க."

தூக்கினார். பாதிக்குமேல் வரவில்லை.

"முடிச்ச அவுங்க."

தீர்த்தகிரியின் விரல் இழை பிடிக்கிற விரல். தலைமுடி கனமே உள்ள நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற விரல். அது முடிச்சைத் தேடியது, தடவியது, கிள்ளியது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒன்றுகூட அவிழவில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இப்போது கண் நன்றாகத் திறந்திருந்தது.

"இப்படியா இருந்துச்சு?"

"ஆமாங்க."

"நடு ஆத்துல?"

"ஆமாங்க."

அவள் இடுப்புக் கயிற்றிலிருந்து கத்தியை எடுத்தாள். அவர் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். கழுத்து முடிச்சில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக அறுத்தாள். ஆறாவது அறுந்ததும் அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அன்னிக்கு உன்ற சேலையில நாடாத் துண்டு ஒண்ணு ஒட்டியிருந்துச்சு புள்ள. கத்தியில அறுத்த நாடா. கழுத்துல குத்துதுன்னு நீயே அறுத்து ஆத்துல எறிஞ்சுட்டு, எங்கிட்டச் சொல்ல மனசில்லாம பொய் சொல்றயாட்டம்னு நெனச்சுப்போட்டேன். அதான் இதுக்குக் கழுத்துல மெத்துன்னு வெச்சேன்." கையை எடுத்து அறுந்த நாடாக்களைப் பார்த்தார். "நாந்தான் உன்னயக் கட்டி ஆத்துல போட்டேன். தெனமும் வாசல்ல நிறுத்தி, நானே கட்டிக் கட்டி..."

இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கரையில் ஆத்தாயி, புருஷனுக்கும் பிடித்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டாள்.

கோட்டு சுவரில் மூன்று நாள் சொட்டியது. நான்காவது நாள் தீர்த்தகிரி குமாரபாளையத்தில் ஒரு துணிக்கடைக்குப் போய், வாழ்நாளில் முதல் தடவையாக, "தண்ணி குடிக்காத துணி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். கடைக்காரன் எடுத்துப் போட்டதை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கவில்லை. குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றிப் பார்த்தார். கடைக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவரே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வாங்கிவந்தார். காய்ந்த மாற்றுத்துணி ஒரு செட்டை அதில் வைத்துப் பரிசலோடு கட்டிவிட்டார்.

தைப்பூசத்துக்கு மறுநாள் அவள் மறுபடி ஆற்றுக்குக் கிளம்பினாள். அவர் வாசலில் நிற்கவில்லை, துறைவரைக்கும் வந்தார். பனி முழுசாக இறங்கியிருந்தது. அக்கரை இல்லை.

மிதவைச் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டு, கழுத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"குத்துதா?"

"குத்துலீங்க" என்று வாயில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். "கொஞ்சம் குத்துதுங்க" என்றாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து கத்தரிப்பூ நிறத் துண்டை எடுத்தார். ஊசியும் நூலும் கூடவே கொண்டுவந்திருந்தார். ஆத்தாயி கடை விளக்கு வெளிச்சத்தில் கழுத்துப் பட்டையில் அதை வைத்துத் தைத்தார். விரல் அகலம்கூட இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் அதிகம். பிறகு அவளை நேராக நிறுத்தி, கீழேயிருந்து கொக்கிகளை மாட்டினார். மூன்று கொக்கிதான். ஒன்றை மாட்டிவிட்டு உடனே அமுக்கிக் கழற்றினார். மறுபடி மாட்டினார், கழற்றினார். மூன்றையும் அப்படியே பார்த்தார். அவள் கையைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி, விறைக்கிற வரை அங்கேயே வைத்திருந்தார்.

"இப்ப நீ கழட்டு" என்றார்.

அவள் கழற்றினாள். மூன்றும் உடனே வந்தன. அதற்கப்புறம்தான் மாட்டி அனுப்பினார்.